பெயரும் பசியும்

நம் ஊரில் விருந்தோம்பலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வாசலில் வந்து நிற்பவரிடம் முதலில் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்க வேண்டும். பெயர், ஊர், வந்த காரியம் எல்லாம் இலை எடுத்த பிறகுதான். பசித்து வந்தவனுக்குப் பெயர் எதற்கு என்பது நம் பெரியவர்களுடைய கட்சி. மனிதர்களைப் பொறுத்த வரையில் நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் இந்த ஒழுங்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டிய இடம் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. அங்கே முதலில் பெயரைத்தான் கேட்க வேண்டும். பெயர் சரியாகத் தெரியாமல் சோறு போட்டால் விருந்தாளி அந்தச் சோற்றின் நடுவிலேயே பட்டினி கிடந்து செத்துப் போவார். நான் சொல்லும் விருந்தாளி ஒரு மீன்.

கடற்குதிரையை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதைத் தலையிலும் வாலிலும் பிடித்து இழுத்து நேராக நிமிர்த்திவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு மீன் உண்டு. இங்கிலீஷில் பைப் ஃபிஷ் என்கிறார்கள். நான் குழல்மீன் என்று சொல்லிவிடுகிறேன். கடற்குதிரைக்கு இது பங்காளி முறை. இரண்டும் ஒரே குடும்பம். உடம்பில் செதில் கிடையாது. எலும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது போன்ற கவசம். முகத்தின் முன்னால் ஒரு நீண்ட குழல். அதன் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வாய். மேல் தாடை கீழ் தாடை என்று பிரித்துத் திறக்க இதற்கு வழியில்லை. 1758இல் லின்னேயஸ் வைத்த சிங்னாதஸ் என்ற பெயருக்கே 'ஒட்டிய தாடை' என்றுதான் பொருள். பல் கிடையாது. எல்லாவற்றையும்விட விசித்திரம், வயிறு கிடையாது. குடல் இருக்கிறது, இரைப்பை என்று தனியாக ஒன்று இல்லை. தின்றதைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிதானமாகச் செரிக்கும் வசதியை ஆண்டவன் இதற்குக் கொடுக்கவில்லை. அன்றாடம் காய்ச்சி என்று சொல்லக்கூட முடியாது. அந்தந்த நிமிஷம் காய்ச்சி.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தக் குடும்பத்தில் பிள்ளை சுமப்பது ஆண். பெண் முட்டையை ஆணின் உடம்பில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். அரிஸ்டாட்டிலே இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரசவ காலத்தில் இதன் வயிற்றடி பிளந்து குஞ்சுகள் வரும் என்றும், பிறகு அந்தப் பிளவு கூடிவிடும் என்றும் குறித்து வைத்தார். சுமப்பது தகப்பன் என்பது தெளிவாக 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. நம்முடைய கதாசிரியர்கள் தாயின் தியாகத்தைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறோம். இந்த மீனைப் பார்த்த பிறகு எனக்குத் தகப்பன்மார்மீது கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுதப் போனவன் நான். எனக்கும் கடல் மீனுக்கும் உள்ள சம்பந்தம் சாப்பாட்டுத் தட்டோடு சரி. அப்படிப்பட்டவனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பது நியாயமே.

என் அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக அம்மாவும் அவளோடுதான். அம்மாவுக்கு வயது 78. அதற்கு முந்தின ஆண்டு வயிற்றில் ஒரு கட்டி வந்து, இரைப்பையில் பெரும் பகுதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். சென்ற ஆண்டு அம்மாவைப் பார்ப்பதற்காக ஒரு மாதம் போயிருந்தேன். நான் போன இரண்டாம் நாளே அக்கா மகனுக்கு அலுவலக வேலையாக மூன்று வாரம் வெளியூர்ப் பயணம். புறப்படுகிற அவசரத்தில் என்னைக் கூப்பிட்டு, கூடத்தில் இருந்த நாலடி நீளக் கண்ணாடித் தொட்டியைக் காட்டினான். கடல் தண்ணீர்த் தொட்டி. பாறை, பவழம், மணல், விளக்கு, பம்பு எல்லாம் இருந்தன.

"மாமா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். காலையில ஒரு கட்டி, சாயங்காலம் ஒரு கட்டி. ஐஸ்பெட்டியில இருக்கு. கரைச்சு ஊத்தினாப் போதும்."

கட்டி என்பது உறைய வைத்த மைசிஸ். இறால் ஜாதியில் குட்டியானது. அரை அங்குலத்துக்கும் உட்பட்டது. தொட்டியில் இருந்த குடித்தனங்கள் அதிகமில்லை. மாண்டரின் என்ற பளபளப்பான மீன் ஒன்று. நத்தைகள், சின்ன நண்டுகள். பிறகு பதினைந்து நாளுக்கு முன்னால் அவன் வாங்கி வந்திருந்த குழல்மீன்கள் இரண்டு. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தார்களாம்: 'வரிக் குழல்மீன்'. இரண்டும் ஒரே ஜாதி, உறைந்த தீனி தின்னும் என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

அம்மாவுக்கு நாள் முழுவதும் அந்தத் தொட்டியின் எதிரே நாற்காலி. கண் பார்வை இன்னும் நன்றாக இருக்கிறது. நான் முதல் நாள் கட்டியைக் கரைத்து ஊற்றியபோது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் சொன்னாள்:

"அந்த மூலையில இருக்கிறவன் சாப்பிடலைடா. தட்டைப் பாக்கறான், சாப்பிடலை."

நானும் பார்த்தேன். அம்மா சொன்னதுதான் உண்மை. ஒரு மீன், தொட்டியின் நடுவில், ஒரு பாறை நிழலுக்கடியில் அந்தரத்தில் மிதந்துகொண்டு, எதிரே அடித்து வரும் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தது. மற்றது மணலை ஒட்டிப் பாறையின் மேல் தவழ்ந்துகொண்டிருந்தது. மைசிஸ் ஒன்று அதன் முகத்துக்கு நேராக விழுந்தது. இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டி அதை அளந்தது. (இந்த மீனுக்குக் கண் ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி திரும்பும்.) பிறகு வேண்டாம் என்று நகர்ந்துவிட்டது. அதன் வயிற்றுப் பக்கம் உள்ளே ஒட்டிப் போய், உடம்பின் ஓர விளிம்புகள் கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தன.

இரண்டும் ஒரே ஜாதி என்றால் ஒன்று தின்பதை மற்றது ஏன் தின்னவில்லை? அம்மாவின் கேள்வி இதுதான். எவ்வளவு எளிமையான கேள்வி பாருங்கள்! துப்பறியும் நாவலின் முதல் அத்தியாயம் இப்படித்தான் தொடங்கும்.

மருமகனின் அலமாரியில் ரூடி கைட்டர் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, கடற்குதிரைகளையும் குழல்மீன்களையும் பற்றிய படப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். ஆள் அடையாளம் காண்பதில் நாவலாசிரியனுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. முதலில் நடை, பிறகு முகம், கடைசியில்தான் சட்டை.

சட்டையைப் பார்த்தால் இரண்டுக்கும் வரி இருந்தது. கடைக்காரர் பார்த்தது அந்த மட்டும்தான். ஆனால் மிதக்கிற மீனுக்கு வரி என்பது உடம்பைச் சுற்றி வரும் முழு வளையம். கறுஞ்சிவப்பும் வெளிறிய நிறமும் மாறி மாறி. தவழ்கிற மீனுக்கு வரி, யாரோ பேனா முனையைத் தட்டிப் பார்த்த காகிதம் மாதிரி, கோடும் கிறுக்கலும் புள்ளியும் கலந்த பட்டைகள். முகத்தைப் பார்த்தால் மிதப்பதற்கு மூக்குக்குழல் மிக நீளம், தவழ்வதற்குக் குட்டை. வாலைப் பார்த்தால் மிதப்பதற்கு வட்டமான விசிறி போலப் பெரிய வால், சிவப்பில் வெள்ளைக் கரை. தவழ்வதற்கு வால் துடுப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

மிதக்கிற மீனின் பெயர் டங்கெரோகேம்பஸ் டாக்டிலியோஃபோரஸ். பின்பாதிக்கு 'மோதிரம் சுமப்பது' என்று பொருள். 1853இல் அந்தப் பெயரை வைத்தவர் பீட்டர் பிளீக்கர் என்ற டச்சுக்காரர். கிழக்கிந்தியத் தீவுகளில் ராணுவ வைத்தியராக வேலை பார்த்துக்கொண்டு, மீன் சந்தைகளில் வந்ததையெல்லாம் வாங்கி, பார்த்து, பெயர் வைத்த மகானுபாவர். தவழ்கிற மீன் கோரித்தோயிக்திஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. 'தலைக்கவச மீன்' என்று சொல்லலாம். அந்த இனத்துக்குள் எது என்பது வேறு விவகாரம். அதில் பல வகை உண்டு. ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள் போல இருக்கும். தேர்ந்தவர்களே நிதானித்துத்தான் சொல்வார்கள்.

அப்படி நிதானிக்கிறவர்கள் செய்கிற காரியம் என்ன தெரியுமா? வளையங்களை எண்ணுவார்கள். சார்லஸ் டாசன் என்ற அமெரிக்கர் 1985இல் இந்து மகா சமுத்திரம், பசிபிக் சமுத்திரம் இரண்டிலும் உள்ள குழல்மீன்களுக்கெல்லாம் ஒரு பெரிய நூல் எழுதி வைத்தார். அதில் மார்புத் துடுப்பிலிருந்து ஆசனவாய் வரை உள்ள வளையங்கள் ஒரு கணக்கு. அதற்குப் பின்னால் வால் வரை உள்ளவை இன்னொரு கணக்கு. நான் தவழ்கிற மீனைக் கைப்பேசியில் பக்கவாட்டாகப் படம் எடுத்து, பெரிதாக்கி, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினேன். உடல் வளையம் இரண்டு மீனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வால் வளையம்தான் காட்டிக் கொடுத்தது. மோதிர மீனுக்கு 20ஐ ஒட்டி. தவழும் மீனுக்கு 30க்கு மேல். பிள்ளை சுமக்கும் இடமும் வேறாம். மோதிர மீனில் தகப்பன் வயிற்றடியில் முட்டையை ஒட்டிக்கொள்ளும், தவழும் மீனில் வாலின் அடியில். எங்களுடையவை இரண்டும் வெறுமையாக இருந்ததால் அந்தச் சாட்சி கிடைக்கவில்லை. ஆனால் வழக்குக்கு இருக்கிற சாட்சியே போதுமானது.

பெயர் தெரிந்ததும் பசியும் தெரிந்துவிட்டது. மோதிர மீன் கடலில் பாறைக் குகைகளின் வாயில் மிதந்துகொண்டு, நீரோட்டத்தில் வருவதைப் பிடித்துத் தின்னும் ஜாதி. தொட்டியில் கரைத்து ஊற்றினாலும் அது நீரோட்டத்தில் வருவதுதானே! துணுக்குகளை ஏற்றுக்கொண்டது. தவழும் மீன் மேய்ச்சல் ஜாதி. மணலிலும் பாறையிலும் ஊர்ந்து போகும் கோபிபாட் என்ற பொடிப் பூச்சிகளை, நம் கண்ணுக்குத் தூசி போலத் தெரிகிறவற்றை, ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கும். இரை உயிரோடு அசைய வேண்டும். குழலின் நுனிக்குள் நுழைய வேண்டும். செத்து உறைந்து பாறாங்கல் மாதிரி வந்து விழும் மைசிஸ் அதற்கு உணவே அல்ல. நம் முன்னால் ஒரு முழுப் பலாப்பழத்தை வைத்துக் கையைக் கட்டிவிட்டு "சாப்பிடு" என்றால் எப்படி இருக்கும்?

அதோடு இன்னொரு வில்லங்கம். அந்த மாண்டரின் மீன் இருந்ததே, அதுவும் நாள் முழுவதும் அதே பூச்சிகளைத்தான் தின்னும். தொட்டியில் விளைந்ததையெல்லாம் முதல் குடித்தனக்காரர் ஏற்கனவே மேய்ந்து தீர்த்துக் கொழுத்திருந்தார். பின்னால் வந்தவருக்கு நிலமும் இல்லை, விளைச்சலும் இல்லை.

மருமகனைத் தொலைபேசியில் பிடித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, கோபிபாட் பாட்டில்ல விப்பாங்க. டிஸ்பேன்னு கேட்டு வாங்குங்க. அதுதான் பாறையில ஊர்ற வகை," என்றான். மோதிர மீனுக்கு வேறு ஒரு தீனியும் சொன்னான். ஆர்ட்டிமியா முட்டை. உப்பு ஏரிகளில் விளைகிற ஒரு பூச்சியின் முட்டை. அமெரிக்காவில் யூட்டாவில் உள்ள பெரிய உப்பு ஏரியிலிருந்து உலகமெல்லாம் போகிறது. பார்த்தால் காப்பிப்பொடி மாதிரி இருக்கும். ஆண்டுக்கணக்கில் டப்பாவில் தூங்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாயை விட்டால் ஒரு நாளில் உயிர் பெற்று எழுந்துவிடும்! அரை மில்லிமீட்டர் குஞ்சுகள், ஆயிரக்கணக்கில். பாட்டிலின் ஒரு பக்கம் விளக்கை வைத்தால் அத்தனையும் வெளிச்சத்தின் பக்கம் ஓடிவந்து கூடும். ஓட்டை ஒதுக்கி, துணியில் வடிகட்டி, அலசி, உடனே போட வேண்டும். ஏன் உடனே என்றால், குஞ்சு தன் கூடப் பிறந்த மஞ்சள் கருவை வைத்துத்தான் காலம் தள்ளுகிறது. நேரம் ஆக ஆக அது தீர்ந்துபோய் வெறும் சக்கைதான் மிஞ்சும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதற்கு அங்கேயும் அர்த்தம் இருக்கிறது.

தவழும் மீனை ஒரு துளை போட்ட பெட்டிக்குள் விட்டு, அதே தொட்டிக்குள்ளேயே ஓரமாகத் தொங்கவிட்டேன். தண்ணீர் போகும் வரும், மாண்டரின் வராது. பெட்டிக்குள் கைப்பிடி உடைந்த பவழக்கல். அதன்மேல் பாட்டில் பூச்சிகளை ஊற்றினேன். முதல் நாள் அது கல்லைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது. மறுநாள் முற்பகல் நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா குரல் கொடுத்தாள்.

"வாடா, வந்து பாரு. கொத்தறான்."

கொத்துவது என்பது சரியான வார்த்தை. மீன் குனிந்து கல்லை உற்றுப் பார்க்கும். அசையாது. திடீரென்று தலை மட்டும் மேலே ஒரு வெட்டு வெட்டும். அவ்வளவுதான், பூச்சியைக் காணோம். ஒரு நொடியை நூறாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிற காரியம். தசைநார்களை வில் மாதிரி இழுத்து வைத்துக்கொண்டு ஒரே விடுப்பாக விடுகிறதாம். நாங்கள் இருவரும் அரை மணி நேரம் அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா 31 என்றாள், நான் 28 என்றேன்.

அன்று மத்தியானம் அக்கா, அம்மாவுக்குக் கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். நாலு கரண்டி. இரண்டு மணிக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக என்பது வைத்தியர் உத்தரவு. அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, தொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஊர்ல இருந்து பாக்க வர்றவங்க எல்லாம் இலை நிறையப் போடறாங்க. சாப்பிடு சாப்பிடுங்கறாங்க. பாசம்தான். ஆனா என் வயிறு இப்ப எது கேக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலை. அதுக்கும் வயிறு இல்லைன்னியே, நிஜமாவாடா?"

நிஜந்தான் என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

பாசம் வேறு, தெரிந்துகொள்வது வேறு என்று அன்று எனக்குப் பட்டது. கட்டி கரைத்து ஊற்றுகிறவனுக்கும் மீன்மேல் பாசம் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கியிருக்கிறான், விளக்குப் போட்டிருக்கிறான். தீனிக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் ஓர் உயிர் அவன் கண்ணெதிரில் வற்றுகிறது. 'இது யார், இதற்கு எது சோறு' என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை என்பதால் மட்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அக்காவே கேட்டாள். "இவ்வளவு பாடுபட்டு ஊட்டுறதுக்கு அதைக் கடல்லயே விட்டிருக்கலாமே?" கடைகளில் விற்கும் இந்தத் தவழும் மீன்கள் பெரும்பாலும் கடலில் பிடித்தவையே. அந்த ஜாதியில் சில வகை, காலை விடிந்ததும் ஜோடி ஜோடியாகச் சந்தித்து ஒன்றையொன்று சுற்றி வந்து வணக்கம் சொல்லிக்கொள்ளும் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பெட்டிக்குள் இருந்ததற்கு வணங்க யார் இருந்தார்கள்? அக்காவுக்கு என்னிடம் பதில் இல்லை.

நம் நாட்டில் சட்டம் பதில் சொல்லியிருக்கிறது. 2001இல் கடற்குதிரையும் குழல்மீனும் அடங்கிய அந்தக் குடும்பம் முழுவதையும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். பிடிக்கக்கூடாது, விற்கக்கூடாது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் படுகைகளில் பச்சைக் குழல்மீன் ஒன்று இருக்கிறது. புல்லோடு புல்லாக நின்றுவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. கடற்குதிரையைப் போலவே வாலால் புல்லைப் பற்றிக்கொள்ளும். சீன வைத்தியத்தில் இந்த மீன்களைக் காயவைத்து மருந்தாக்குகிறார்கள். அதனால் விலை உண்டு. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் இறாலுக்காக அடியில் இழுத்து வரும் வலைக்கு அட்டவணை வாசிக்கத் தெரியாது. வலையில் குப்பையோடு வந்த அதை, பெயர் தெரிந்தவர் ஒருவர் படகில் இருந்தால் திரும்பத் தண்ணீரில் விடுவார். தெரியாதவருக்கு அது ஒரு பச்சைக் குச்சி.

மூன்று வாரத்தில் தவழும் மீனின் வயிற்றோரம் மெல்ல நிரவி வந்தது. கத்தி முனை மழுங்கியது. சமையலறை ஜன்னலில் இரண்டு பாட்டில்களில் பச்சைப் பாசித் தண்ணீர் விட்டு டிஸ்பே பூச்சிகளை வளர்க்கத் தொடங்கியிருந்தோம். அக்கா முதலில் முகம் சுளித்தாள். பிறகு தோசை மாவைக் கவனிப்பது போல அவற்றையும் கவனிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மருமகன் திரும்பி வந்ததும் மாண்டரினை ஒரு நண்பருடைய பெரிய தொட்டிக்குக் கொடுத்தனுப்பினான். இனிக் கடலில் பிடித்த குழல்மீன் வாங்குவதில்லை என்று அவனாகவே சொன்னான். கடைக்காரரிடமும் போய் விஷயத்தை விளக்கியிருக்கிறான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம். சீட்டில் இன்னும் 'வரிக் குழல்மீன்' என்றுதான் இருக்கிறதாம்.

நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அவன் தொட்டியின் கண்ணாடி ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டினான். இரண்டு மீன்களின் பெயர், இருக்கும் இடம், தின்பது எது, எத்தனை வேளை, எது ஆகாது என்று தமிழில், பாட்டிக்குப் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கான்," என்றாள். "இதே மாதிரி ஒண்ணு எழுதி, வர்றவங்க பாக்கற மாதிரி, ஐஸ்பெட்டி மேல ஒட்டச் சொல்லுடா. எனக்கு."